கெர்னல் மாறியதும் வைஃபை காணாமல் போனால்: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப். அதில் ஓடிய விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ அந்த மெஷின் ஏற்காது. அதனால் லினக்ஸ் மின்ட் 21.3 போட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் வைஃபை லினக்ஸில் தெரியவில்லை என்பதால், அட்டையில் 'ஏசி 600 டூயல் பேண்ட்' என்று போட்ட, கம்பெனி பெயர் இல்லாத ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினார். கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்திலிருந்து டிரைவரை (அடாப்டரை இயக்கும் நிரலை) இறக்கி 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று இரண்டு கட்டளை கொடுத்ததும் வேலை செய்தது. அப்புறம் ஒரு அப்டேட் வந்தது, போட்டார். ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை அடையாளமே இல்லை. போதாக்குறைக்கு, சில நேரம் அடாப்டரின் விளக்கும் எரிவதில்லை. "அண்ணே, அடாப்டர் போயிருச்சா, லினக்ஸ்தான் சரியில்லையா, வேற வாங்கவா?"

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் அடாப்டர் செத்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஒன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சம்பந்தப்பட்டது, மற்றது நம் ஊர்க் காற்று சம்பந்தப்பட்டது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. லேப்டாப்பை அணைத்துவிட்டு, திரும்ப ஆன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள் (சில மெஷின்களில் எஸ்கேப் விசை). வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் பழைய கெர்னலும் புதிய கெர்னலும் வரிசையாக இருக்கும். பழையதைத் தேர்ந்து உள்ளே போங்கள். வைஃபை திரும்பி வந்துவிட்டால் உங்கள் முதல் கோளாறு என்ன என்று உறுதியாகிவிட்டது. அவசர வேலை இருந்தால் இன்றைக்கு அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஏன் அப்படி? விண்டோஸில் டிரைவர் என்பது தனியாக நிறுவும் பொருள், அப்டேட் வந்தாலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே வளர்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து கம்பைல் செய்த (எழுதிய நிரலை மெஷின் ஓட்டும் வடிவுக்கு மாற்றிய, நீங்கள் கொடுத்த 'மேக்' அதுதான்) டிரைவர், எந்தக் கெர்னலில் கம்பைல் செய்தீர்களோ அந்தப் பதிப்புக்கு மட்டுமே சொந்தம். கெர்னல் மாறினால் அதன் கோப்பு பழைய கெர்னலின் கோப்புறையிலேயே கிடக்கும், புதியது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கெர்னலை எழுதுகிறவர்கள் உள்ளே இருக்கும் இணைப்புமுறைகளை மாற்றாமல் வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுத்ததே இல்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை மாற்றத்துக்கு ஏற்ப அவர்களே திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பவை அவரவர் பாடு.

இனி எந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது என்று பார்ப்போம். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள்.

'எல்எஸ்யுஎஸ்பி' என்று அடித்தால் யுஎஸ்பியில் செருகியிருப்பவை எல்லாம் வரும். ஒவ்வொரு வரியிலும் நடுவில் கோலன் போட்ட ஓர் அடையாள எண் இருக்கும். கோலனுக்கு முன்னால் இருப்பது தயாரித்தவர் எண், பின்னால் இருப்பது பொருளின் எண். படகு இன்ஜினுக்கு ஸ்பேர் வாங்கப் போனால் படகின் பெயரை யாரும் கேட்பதில்லை, இன்ஜின் என்ன மாடல் என்றுதான் கேட்பார்கள். இங்கேயும் அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன சிப் என்பதுதான் கணக்கு. நீங்கள் அனுப்பிய படத்தில் கோலனுக்குப் பின்னால் 0811 என்று தெரிகிறது, முன்னால் இருப்பது ரியல்டெக் என்ற சிப் கம்பெனியின் எண். ஆக உங்களிடம் இருப்பது ரியல்டெக் 8811ஏயு. அட்டையில் போட்ட 600-ம் இந்தச் சிப்பின் கணக்குதான்: 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, இரண்டையும் கூட்டி மேலே முழு எண்ணாக்கி 600 என்று விற்கிறார்கள். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் ஓடும், 600 ஒருநாளும் வராது.

கம்பெனிப் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் என்ற அடாப்டரில் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, லினக்ஸில் செருகினாலே போதும். இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயர், அதே தோற்றம், உள்ளே ரியல்டெக் 8188இயுஎஸ். பழைய கட்டுரையைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, உங்களுக்கு இல்லை, ஆனால் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு. சில அடாப்டர்களைச் செருகினால் 'எல்எஸ்யுஎஸ்பி'யில் 'சிடிராம் மோட்' என்று காட்டும். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே ஒரு பொய்ச் சிடியாக வைத்திருக்கும் வகை அது. கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை 'எஜெக்ட்' செய்தால் பல அடாப்டர்கள் தன் உண்மையான அடையாளத்துக்கு மாறிவிடும். தானாக மாற 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற மென்பொருள் பொட்டலம் இருக்கிறது.

இப்போது விளக்கு எரியாத கதைக்கு வருவோம். இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம், சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து பதில் எழுதுகிறவர்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள். டெர்மினலில் 'சுடோ' என்று அடித்து, இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள், மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு (ஹைஃபன்), டபிள்யூ. இது கெர்னல் பேசுவதை ஓடும்போதே காட்டும். அப்படியே வைத்துக்கொண்டு அடாப்டரைச் செருகுங்கள், லேசாக அசையுங்கள். 'டிஸ்கிரிப்டர் ரீட்' என்று தொடங்கி 'எரர் -71' என்று முடிகிற வரி வந்தால் டிரைவரை மறந்துவிடுங்கள். -71 என்றால் கெர்னல் கேட்ட கேள்விக்கு அடாப்டரிடமிருந்து குழறலாகப் பதில் வந்தது என்று பொருள். -110 என்றால் குறித்த நேரத்துக்குள் பதிலே வரவில்லை. இரண்டுமே டிரைவர் வேலை தொடங்குவதற்கு முந்திய கட்டம். கம்பி, தொடுமுனை, மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்று.

பாம்பனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிற நமக்குத் தொடுமுனைதான் முதல் சந்தேகம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் இடம் வைத்திருப்பது சும்மா இல்லை. காற்றில் வரும் உப்புத்துகள், ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் இரவானால் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அந்த உப்புநீர்ப் படலம் யுஎஸ்பி முனையில் உட்கார்ந்து, மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சின் துளைகள் வழியே அடியிலுள்ள நிக்கல், செம்பை அரிக்கும். மலிவான அடாப்டர்களில் அந்தப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும். லேப்டாப்பின் பக்கத்திலும் இதே நிலைதான், அதிலும் கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேசை போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள்: முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும், இல்லையென்றால் மங்கிப்போயிருக்கும்.

சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். மருந்துக்கடையில் கேட்டால் 70 சதவீதம் என்று தருவதில் தண்ணீர் கலந்திருக்கும், எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் இடத்தில் 99 சதவீதம் கிடைக்கும், அதை வாங்குங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்ற வருவதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷில் தொட்டு முனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. முதல் நாள் பளபளக்கும், பூச்சு போய்விட்டதால் அடுத்த மாதம் முன்னிலும் மோசமாகும். தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிறவர்களையும் கேட்காதீர்கள், தூசு ஒட்டிக்கொள்ளும்.

துடைத்த பிறகும் -71 வந்தால் வேறு துளையில் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் கொடுக்கும், 3.0 துளை 900 கொடுக்கும். வைஃபை அடாப்டர் தகவல் அனுப்பும் கணத்தில் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். பழைய லேப்டாப்பின் தளர்ந்த துளையிலோ, தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலோ அந்தக் கணத்தில் விழுந்துவிடும். விளக்கு சில நேரம் எரிந்து சில நேரம் அணைவதற்கு இதுவும் காரணமாகலாம்.

தொடுமுனை சரி, 'எல்எஸ்யுஎஸ்பி'யில் 0811 நிலையாகத் தெரிகிறது என்றால் அடுத்தது: எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது? 'எல்எஸ்யுஎஸ்பி', இடைவெளி, கோடு, டி என்று அடித்தால் மரம்போல விரியும். அடாப்டரின் வரியில் 'டிரைவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால் பிடித்திருக்கிறது. வெறுமையாகவோ 'நன்' என்றோ இருந்தால் யாரும் பிடிக்கவில்லை. புதிய கெர்னலில் உங்களுக்கு வெறுமையாகத்தான் இருக்கும்.

டிரைவர் பெயர் இருக்கிறது, ஆனாலும் வைஃபை வரவில்லை என்றால் கெர்னல் செய்தியில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லையும் 'எரர் -2' என்பதையும் தேடுங்கள். -2 என்றால் கோப்பைக் காணோம். சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல் டிஸ்க்கில் இல்லை. டிரைவரை எத்தனை முறை மறுபடி போட்டாலும் இது தீராது, 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற பொட்டலத்தைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் இருப்பவர்களுக்கு அது 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' என்று தனியாக இருக்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் கோப்பிலேயே ஃபர்ம்வேர் சேர்த்துத் தருகிறார்கள்.

இனி தீர்வு. இரண்டு வழி இருக்கிறது.

மின்ட் 21.3-லேயே இருந்துகொண்டு டிரைவரை டிகேஎம்எஸ் முறையில் போடுவது முதல் வழி. டிகேஎம்எஸ் என்பது, கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவரைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்யும் ஏற்பாடு. 'பில்ட்-எசென்ஷியல்', 'டிகேஎம்எஸ்', 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக்' மூன்றையும் முதலில் நிறுவ வேண்டும். டிரைவரின் பழைய கோப்புறைக்குள் போய் 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுத்துப் பழையதைக் கழற்றிவிட்டு, அதே டிரைவரின் டிகேஎம்எஸ் நிறுவலைச் செய்யுங்கள். கிட்ஹப்பில் ஒரே சிப்புக்குப் பல பேர் பல பிரதிகள் போட்டிருப்பார்கள். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். சில ஆண்டுகளாகத் தொடாமல் கிடக்கும் பிரதி உங்கள் புதிய கெர்னலில் கம்பைல் ஆகாது. நன்றாகப் பராமரிக்கிற பிரதியிலும் ஒருநாள் கெர்னல் முந்திக்கொள்ளும், அன்று மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

கெர்னலுக்குள்ளேயே உங்கள் சிப்புக்கு ஆதரவு இருக்கும் இடத்துக்குப் போவது இரண்டாம் வழி. நான் சொல்வது இதைத்தான். 8811ஏயு, 8812ஏயு குடும்பம் பல ஆண்டுகளாக வெளி டிரைவரை நம்பியே இருந்தது. இப்போது கெர்னல் 6.14-இல் 'ஆர்டிடபிள்யூ88' டிரைவரிலேயே அதற்கு ஆதரவு உண்டு. மின்ட் 21.3 அந்தப் பதிப்புக்குப் போகாது, உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்பின் மேல் கட்டியது அது. 2025 செப்டம்பரில் வந்த மின்ட் 22.2 கெர்னல் 6.14-உடன் வருகிறது. உடனே டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். நண்பர் மெஷினில் பென் டிரைவ் ஒன்றில் 22.2-ஐ எழுதி, நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, அடாப்டரைச் செருகிப் பாருங்கள். வைஃபை பெயர்கள் பட்டியலாக வந்தால் நிறுவுங்கள். வராமல் -2 வந்தால் ஃபர்ம்வேர் மட்டும்தான் பாக்கி என்று தெரிந்துபோகும். லேப்டாப்பில் ராம் 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள்.

அழிக்காமல் மேல்பதிப்புக்கு ஏற்றுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. வெளி டிரைவர்களின் நிறுவல் நிரல்கள் சில, கெர்னலின் சொந்த டிரைவர் குறுக்கே வராதிருக்க அதைத் தடைசெய்யும் ஒரு கோப்பை 'மோட்புரோப்-டி' கோப்புறையில் எழுதிவைத்துவிடும். வெளி டிரைவரை எடுத்த பிறகும் அந்தக் கோப்பு தங்கிவிட்டால், புதிய கெர்னலில் எல்லாம் இருந்தும் வைஃபை வராது. ஏற்றுவதற்கு முன்பே போய்ப் பார்த்து நீக்கிவிடுங்கள்.

"நெட்டே இல்லாமல் இதையெல்லாம் எப்படி இறக்குவது?" என்று கேட்பீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்தான். கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். அதற்கான டிரைவர் லினக்ஸில் ஏற்கெனவே உண்டு, கம்பி இணைப்பு போலத் தானே வந்துவிடும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியாகக் கொடுக்கும், டேட்டா செலவாகாது. இதைத் தெரிந்துவைத்திருந்தால் நெட் இல்லாததால் நெட் டிரைவர் போட முடியாமல் யாரும் தவிக்க வேண்டியதில்லை.

கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு ஏற்பாடு பற்றிச் சுருக்கமாக. உங்கள் மெஷின் பழையது, அநேகமாக அதில் இருக்காது. இருந்தால், டிகேஎம்எஸ் போட்ட டிரைவர் கையொப்பம் இல்லை என்று தடுக்கப்படும், 'கீ ரிஜெக்டட்' என்று செய்தி வரும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த பூட்டில் நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டால் சாவி பதியாது, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். கெர்னலின் சொந்த டிரைவருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வேலை செய்யத் தொடங்கிய பிறகு இடையிடையே அறுந்தால் இரண்டைப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறையில் 'வைஃபை-பவர்சேவ்' என்று பெயரில் வரும் கோப்பில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு நின்றுவிடும், ரியல்டெக் அடாப்டர்கள் பல அதற்குப் பிறகு ஒழுங்காக இருக்கும். அடுத்தது யுஎஸ்பி 3.0 துளையின் இரைச்சல். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியதும் வைஃபை படுத்துவிட்டால் காரணம் இதுதான். ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வையுங்கள். தகரக் கூரை, தகரக் கதவு இருக்கும் வீட்டில் அந்தக் கேபிளோடு நாலு இடம் மாற்றி வைத்துப் பார்த்தாலே சிக்னல் வித்தியாசம் தெரியும். ரவுட்டர் அதே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டி என்றால் 2.4.

ரவுட்டர் மேசைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், என் விருப்பம் வைஃபையே இல்லை. லேப்டாப்பின் லேன் துளையில் கம்பியைச் செருகுங்கள். அந்தத் துளை அரித்துப்போயிருந்தால் ரியல்டெக் 8153 சிப் உள்ள யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று போதும், லினக்ஸில் அதற்கு எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

எப்போதாவது வேறு வைஃபை அடாப்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால் மீடியாடெக் சிப்பாகப் பாருங்கள். எம்டி7610யு, எம்டி7612யு இரண்டும் பல ஆண்டுகளாகக் கெர்னலுக்குள் இருக்கின்றன, எம்டி7921ஏயு 2022-இல் சேர்ந்தது. மலிவாக 2.4 மட்டும் போதும் என்றால் எம்டி7601யு, அது 2015-லிருந்து இருக்கிறது. கடைக்காரரிடம் சிப் எண் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வாங்கி, வந்ததும் 'எல்எஸ்யுஎஸ்பி' பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், உள்ளே இருக்கும் வைஃபையை யாரும் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் கார்டு சாகவில்லை. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடியுங்கள். 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்று வந்தால் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்விட்சோ மேல்வரிசை விசை ஒன்றோ அணைந்திருக்கிறது. அது இல்லையென்றால் 'எல்எஸ்பிசிஐ' அடித்து 'பிராட்காம்' என்ற சொல்லைத் தேடுங்கள். பிராட்காம் கார்டுகளில் பலவற்றுக்கு லினக்ஸில் தனி டிரைவர் வேண்டும், மின்ட் அதைத் தானாகப் போடாது. போனை டெதரிங்கில் இணைத்துவிட்டு மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பிராட்காம் டிரைவர் பட்டியலில் காத்திருக்கும். தேர்ந்து நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது வந்துவிட்டால் யுஎஸ்பி அடாப்டரே வேண்டியிருக்காது. வராவிட்டால் 'எல்எஸ்பிசிஐ'யில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று வரும் வரியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.